தள்ளாமல் ஸ்டார்ட் ஆகிற வண்டி

பாத்துங்க, பாத்துங்க, சாக்குல கால் இடிச்சுருமுங்க. உள்ள இரும்பு. சித்தே இப்படி நகந்து உக்காருங்க, நான் இதைச் சீட்டுக்கு அடியில தள்ளிக்கறன். அப்பாடா. கண்டக்டரு வேற இதுக்கு லக்கேஜ் போடோணுமுன்னு மொறைச்சுட்டே போறாரு. ஏனுங்க, மடியில வெச்சுக்கற சாமானத்துக்கு எதுக்கு லக்கேஜு? மடி வலிக்குதுன்னுதான கீழ வெச்சேன்.

நீங்க எங்க எறங்கறீங்க? வெள்ளகோயிலா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். இந்த பஸ்ஸு ஊரையெல்லாம் சுத்திப் போறதுக்குள்ள ஒரு விசயம் சொல்லறன். நீங்க வெளியூரு, பாத்தாப் படிச்சவராட்டம் தெரியுது. நாயம் யார் பக்கமுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க. எங்கூர்ல ஒருத்தனுக்கும் நாயம் தெரியலை.

மொதல்ல இதைப் பாருங்க. இந்தத் துண்டுல சுத்தி வெச்சிருக்கறன். பயப்படாதீங்க, வெடிக்காது. என்னன்னு சொல்லுங்க பாக்கலாம். சோப்பு டப்பாவா? எம்பட சகலையும் அதையேதான் சொன்னான். இல்லீங்க. இது கட்டவுட்டு.

சிரிக்கறீங்க பாத்தீங்களா? எல்லாரும் இப்படித்தான். கட்டவுட்டுன்னா ரோட்டு முக்குல கும்புட்ட கையோட நிக்கறதுன்னு நெனச்சுக்கறாங்க. அது பின்னால வந்த கட்டவுட்டுங்க. டைனமோ வெச்ச பழைய வண்டியில எல்லாம் இது இருக்கும். டைனமோ கரண்ட்டு குடுத்தாப் பேட்டரிக்கு உடும். வண்டி நின்னுச்சுன்னா, பேட்டரி கரண்ட்டு திரும்பி டைனமோவுக்குள்ள போயிராம வெட்டி உட்டுரும். இத்தனூண்டு டப்பாதான். இதுனால எம்பட சம்சாரம் பொறந்த ஊட்டுக்குப் போயி உக்காந்திருக்கறா. சோளம் வெதைக்கறப்பப் போனவ, இப்பக் கதிரே புடிச்சிருச்சு.

எம்பேரு நாச்சிமுத்துங்க. ஊத்துக்காட்டுப்புதூர்ல பண்ணயம். எங்கய்யன் வாங்குன டிராக்டரு ஒண்ணு வெச்சிருக்கறன். சிவப்பு வண்டி. சிவப்புன்னா இப்ப பெயிண்ட்டு இல்ல, துருதான் சிவப்பா இருக்குது. எஞ்சின்ல ஒரு கொறை சொல்ல முடியாதுங்க. கொறையெல்லாம் டைனமோவுலதான். முறுக்கி ஓட்டுனாக் கரண்ட்டு குடுக்கும், ஸ்லோவுல நின்னாக் குடுக்காது. லைட்டப் போட்டா, லைட்டு எரியுதான்னு பாக்கறதுக்கு இன்னொரு லைட்டு வேணும். வெடியால எந்திரிச்சுச் செல்ப் அடிச்சா க்ளுக்குன்னு ஒரு சத்தம், அத்தோட சரி.

அதுக்கு நாங்க ஒரு ஏற்பாடு வெச்சிருந்தமுங்க. எங்க தோட்டத்துச் சாளை ஊட்டுக்குப் பின்னால ஒரு மேடு இருக்குது. பொழுதோட வண்டியக் கொண்டுபோயி அங்க நிறுத்திப்போடுவேன், வீலுக்கு ஒரு கல்லு. வெடியால நான் ஏறி உக்காந்து, கியரப் போட்டு, கிளட்ச மிதிச்சுக்குவேன். பாவாயி, அதுதானுங்க எம்பட சம்சாரம், கல்ல எடுத்துப்போட்டுப் பின்னால ஒரு கை வெச்சுக் குடுப்பா. வண்டி உருளும். வேகம் புடிச்சதும் மட்காடுல பட்டு பட்டுன்னு ரெண்டு தட்டுத் தட்டுவா. நான் கிளட்ச உடுவேன். டபடபன்னு கெளம்பிரும். அவ்வளவுதான். பெரிய வேலையெல்லாம் இல்லீங்க, சும்மா ஒரு கை வெக்கறது.

எப்பவாச்சும் வயல்லயே நின்னுக்கும். அப்பச் சேத்துல எறங்கித் தள்ளோணும். 'ஏனுங்க, நீங்களும் எறங்குனாக் கனம் கொறையுமில்ல'ம்பா. நான் எறங்கீட்டாக் கிளட்ச ஆரு உடறது? பொம்பளைகளுக்கு மெக்கானிசம் புரியறதில்லீங்க. ஆனா ஒரு நாளும் மாட்டேன்னு சொன்னதில்ல. மழையில தள்ளியிருக்கறா. காய்ச்சல்ல தள்ளியிருக்கறா. அவ தங்கச்சி கல்யாணத்தன்னிக்குப் பட்டுச்சீலை கட்டிட்டுத் தள்ளுனா. எம்பட மூத்த புள்ள பொறக்கறப்ப ஆஸ்பத்திரிக்குப் போனதே இந்த டிராக்டர்லதானுங்க.

அன்னிக்கு ஆரு தள்ளுனாங்கன்னா கேக்கறீங்க? அவதான். வேற ஆரு இருக்கறா? மேட்டுலதான நின்னுது, சுலுவாத்தான் உருண்டுச்சு. தள்ளிப்போட்டு ஏறிக்கிட்டா.

இப்பச் சகலை கதைக்கு வாரேன். பாவாயி தங்கச்சியக் கட்டுனவன் சென்னியப்பன், எங்கூருதான். எனக்கும் அவனுக்கும் ஒரு பொறாமையும் கெடையாது, அதை மொதல்லயே சொல்லிப்போடறன். சாவியத் திருகுனாக் கெளம்பற புது டிராக்டரு வாங்குனான், நான் பொறாமைப்படலை. மாடிவீடு கட்டுனான். ஏறிப் பாத்தேன், எறங்கிட்டேன். பால் சங்கத் தலைவருக்கு நின்னான், ஜெயிச்சான். நானுந்தான் போயி ஓட்டுப் போட்டேன். ஆருக்குன்னு எதுக்குக் கேக்கறீங்க, அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுங்க.

ஜெயிச்சதும் அவன் ஆளுக ஊர் முக்குல ஒரு கட்டவுட்டு வெச்சாங்க. பெரிய கட்டவுட்டு. பலகையில வெட்டிப் பெயிண்ட் அடிச்சது, தென்னமரத்துல பாதி ஒசரம் இருக்கும். வெள்ளை வேட்டி, கும்புட்ட கை, மீசை மட்டும் ரெண்டு மொழம். நேர்ல அவனுக்கு அத்தனை மீசை கெடையாதுங்க. பக்கத்துல ஒரு எருமை. அந்த எருமை மூஞ்சிதான் அச்சு அசலா இருந்துச்சு. அதைக் கொண்டாந்து எம்பட தோட்டத்துக்கு நேரெதுக்க நிறுத்திப்போட்டாங்க. வெடியால கதவத் தொறந்தா என்னையக் கும்புட்டுட்டு நிக்கறான். கொஞ்ச நாள் நானும் பதிலுக்குக் கும்புட்டுப் பாத்தேன். அவன் கைய எறக்கறதாத் தெரியலை.

ஒரு நாள் டீக்கடையில எல்லாரும் உக்காந்திருக்கறப்ப, அந்தக் கட்டவுட்டுக்குக் கீழயே நின்னுட்டுச் சொல்றான், 'சகலை, உங்க வண்டிக்கு டீசல் கொறைச்சாலும் எங்க நங்கையாளுக்குச் சோறு கொறைச்சுராதீங்க, அதுலதான வண்டி ஓடுது'ன்னு. பாவாயியத்தான் சொல்றான். கடையே சிரிக்குது. மேல அவனோட ரெண்டு மொழ மீசையும் சிரிக்கறாப்புல இருந்துச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டனுங்க, இந்த டைனமோவ மாத்தறதுன்னு.

தாராபுரத்துல ஜாகீர் பாய்னு ஒருத்தரு, ஆட்டோ எலக்ட்ரிக் கடை. ஒரு பழைய வேன்ல கழட்டுன ஆல்டர்னேட்டரு வெச்சிருந்தாரு. பொண்ணு பாக்கப் போன ஊட்டுல பொண்ணப் பத்திச் சொல்றாப்புலயே சொன்னாரு. 'ஸ்லோவுல நின்னாலும் கரண்ட்டு குடுக்கும்ணே. சத்தம் போடாது. தண்ணி பட்டாலும் கோவிச்சுக்காது.' அப்பறம் ரெண்டு விசயத்தத் திருப்பித் திருப்பிச் சொன்னாரு. ஒண்ணு, 'கட்டவுட்டு உள்ளாறயே இருக்குது, அதனால வெளிய இருக்கற கட்டவுட்ட எடுத்துரோணும்.' ரெண்டு, 'உங்க வண்டி இங்கிலீஸ்காரன் வயரிங், ப்ளஸ்ஸு பாடியில இருக்குது, இதுக்கு மைனஸ்ஸு பாடிக்கு வரோணும், பேட்டரியத் தலைகீழா மாத்திக் குடுக்கோணும்.' நான் மனப்பாடம் பண்ணிக்கிட்டேன். கட்டவுட்டு எடுக்கோணும், தலைகீழா மாத்தோணும். இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க.

பாய் தோட்டத்துக்கே வந்து வேலைய ஆரம்பிச்சாரு. ஆல்டர்னேட்டரு உக்காரத் தோதா ஒரு பட்டை வளைச்சுட்டு வரச்சொல்லி என்னைய லேத்துப் பட்டறைக்கு அனுப்பிச்சுட்டாரு. பட்டறையில நிக்கறேன், திடீர்னு ஒரு சந்தேகம், கட்டவுட்டக் கழட்டுனாரா இல்லையான்னு. பாய்க்குப் போன் போட்டேன், எடுக்கலை. கையெல்லாம் கிரீஸ். சரின்னு குப்புராசுக்குப் போட்டேன். குப்புராசுன்னு எங்க தோட்டத்துல தேங்கா போடற ஆளு, பாய்க்கு ஒத்தாசையா இருன்னு நிறுத்திட்டு வந்திருந்தேன். அவன் டீ குடிக்க முக்குக்குப் போயிட்டது எனக்கு எப்படீங்க தெரியும்?

'ஏண்டா குப்புராசு, கட்டவுட்டக் கழட்டியாச்சா?'

'ஏனுங்ணா, கழட்டோணுங்களா?'

'பின்ன? இனி அதுக்கு என்ன வேலை?'

'ஆராச்சும் கேட்டாங்கன்னா?'

'எவன் கேக்கறது? நாஞ் சொன்னேன்னு சொல்லு.'

'பெருசா இருக்குதுங்களேண்ணா. முழுசா எறக்க முடியாதாட்டிருக்குது.'

'வெட்டி எடு. தலைகீழா மாத்தறதையும் மறந்துராத.'

அவ்வளவுதான் பேச்சு. இதுல எங்கீங்க தப்பு? ஒவ்வொரு வார்த்தையும் பாய் சொன்ன வார்த்தை. நான் வயரை வெட்டச் சொன்னேன். பெருசா இருக்குதுன்னு அவன் சொன்னப்பவே சந்தேகம் வரலையான்னு கேக்கறீங்க. வந்துச்சு. இல்லீங்க, வரலை. லேத்து அந்தக் கத்துக் கத்துது, காதுல என்ன உழுகும்?

பட்டைய வாங்கிட்டுத் திரும்பி வாரேன். முக்கு வெறிச்சுன்னு இருக்குது. வானம் தெரியுது, எம்பட தோட்டம் தெரியுது, ஜிலுஜிலுன்னு காத்து வருது. எத்தனை நாளைக்கப்பறம் இப்படியொரு காத்துன்னு நெனச்சுட்டே வந்தேன். எதுனால வருதுன்னு ரோசனை பண்ணலை. காத்து வந்தா அனுபவிக்கோணும், விசாரிக்கக் கூடாதுங்க.

ஊட்டுக்கு வந்தா வேலை முக்காவாசி முடிஞ்சிருந்துச்சு. பழைய பேட்டரிப் பொட்டி துருப்புடிச்சு ஓட்டையாக் கெடந்துதுன்னு, குப்புராசு ஒரு பலகைய அறுத்துக் குடுத்திருக்கறான், அது மேல பேட்டரி கச்சிதமா உக்காந்திருக்குது. பட்டைய முடுக்கி, பெல்ட்ட மாட்டி, வயரெல்லாம் குடுத்தாச்சு. நான் எல்லாத்தையும் கூப்புட்டு உட்டேன். அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரங்க, டீக்கடைக்காரன், எல்லாரும் வந்துட்டாங்க. சகலையையும் கூப்புட்டேன். அவனில்லாம எப்படீங்க? அவனுக்காகத்தான இத்தனையும். முக்குப் பக்கம் போகாம வரப்பு வழியாக் குறுக்கால வந்து சேந்தான்.

மேட்டுல இல்ல, வாசல்ல, சமதரையில நிறுத்திருந்தேன். ஏறி உக்காந்து சாவியத் திருகுனேன். ஒரே திருகு! டபடபன்னு கெளம்பிருச்சு. லைட்டப் போட்டேன், ஸ்லோவுலயே பளிச்சுன்னு எரியுது. அம்மீட்டரு முள்ளு மொதல்ல மைனஸ் பக்கம் சாஞ்சுது, பாய் பின்னால ரெண்டு வயரை மாத்திக் குடுத்தாரு, அப்படியே ப்ளஸ்ஸுக்கு வந்து நின்னுச்சு. திரும்பிப் பாக்கறேன், பாவாயி பழக்கதோசத்துல வண்டிக்குப் பின்னால கைய வெச்சுட்டு நிக்கறா. எனக்குச் சிரிப்புத் தாங்கலை. 'பாவாயி, கைய எடு! இனி நீ தேவையில்ல!'ன்னு எல்லாருக்கும் கேக்கறாப்புலக் கத்துனேன். கூட்டமே கை தட்டிச் சிரிச்சுது. அவளும் சிரிச்சாளான்னு நான் கவனிக்கலீங்க. நான் முள்ளைப் பாத்துட்டிருந்தேன். அது ப்ளஸ்ஸுல நின்னது பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

அந்தச் சந்தோசம் ஒரு பீடி பத்தவெக்கற நேரங்கூட நிக்கலை. சகலை குனிஞ்சு பேட்டரியப் பாத்தான். இன்னுங் கொஞ்சம் குனிஞ்சான். அப்பறம் அவன் மீசையத் தொட்டுப் பாத்துக்கிட்டான். 'சகலை, பேட்டரிக்கு அடியில இருக்கறது என்னுதாட்டிருக்குதே'ன்னான். பாத்தா, பலகையில மீசை. ரெண்டு பக்கமும் பேட்டரிக்கு வெளிய நீட்டிட்டு நிக்குது.

குப்புராசுக்கு அவன் கெட்டிக்காரத்தனத்தச் சொல்லிக்கோணும் பாருங்க, 'ஒண்ணும் வீணாகலீங்ணா'ன்னு எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிக் காட்டறான். கும்புட்ட கை கோழிக் கொடாப்புக்கு மேல மூடியாக் கெடக்குது. வேட்டி, தண்ணித் தொட்டிக்குத் தடுப்பு. சகலை பாவம், 'எருமையாச்சும் முழுசா இருக்குதா'ன்னு கேட்டான். எருமை முழுசா இருந்துச்சுங்க. கட்டுத்தரையில நிறுத்தி வெச்சிருந்தான், தலைகீழா. நான்தான் தலைகீழா மாத்தச் சொல்லியிருந்தனே.

அப்பறம் ஒரே ரகளை. சங்கத்து ஆளுகெல்லாம் வந்துட்டாங்க. நான் இந்த டப்பாவத் தூக்கிக் காட்டி, 'இதுதாண்டா கட்டவுட்டு, இதத்தான் சொன்னேன்'ங்கறேன். ஒருத்தனும் நம்பலை. பாயைச் சாட்சிக்குக் கூப்புட்டேன். அந்த மனுசன் ரெண்டையும் மாறி மாறிப் பாத்துப்போட்டு, 'ரெண்டுமே கட்டவுட்டுத்தான்ணே'ன்னு சொல்லிட்டு ஸ்பேனரப் பொறுக்கிட்டுப் போயிட்டாரு. கடைசியில புதுசா ஒரு கட்டவுட்டு நானே வெச்சுத் தரோணுமுன்னு பேசி முடிச்சாங்க. வெச்சுக் குடுத்துட்டனுங்க. இப்ப மீசை மூணு மொழம்.

அடுத்த நா வெடியால பாவாயி ஒரு பையில துணிய எடுத்து வெச்சுட்டு, 'எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன்'னா. தங்கச்சி புருசன இப்படி வெட்டிப் போட்டுட்டமேன்னு கோவமாக்கும், நாலு நாள்ல வந்துருவான்னு நெனச்சேன். வரலை. போன் போட்டா எடுக்கறதில்ல. அவுங்கண்ணன் எடுத்து, 'நல்லாத்தான் இருக்கறா மாப்ளே'ங்கறாரு.

பொறுத்துப் பாத்துட்டுச் சகலைகிட்டயே போயி நின்னேன். அவனுக்கு நல்ல மனசுங்க, அதைச் சொல்லித்தான் ஆகோணும். புதுக் கட்டவுட்டு வந்ததுல கோவமெல்லாம் போயிருச்சு. அவனே போனான். 'நங்கையா, கட்டவுட்டு கெடக்குது, நானே மறந்துட்டேன், நீங்க வாங்க'ன்னிருக்கறான். அதுக்கு இவ என்ன சொன்னா தெரியுமுங்களா? 'கட்டவுட்டுக்கும் எனக்கும் என்ன மாப்ள சம்பந்தம்? அங்கதான் சாவியத் திருகுனா வண்டி கெளம்பிருதே. அப்பறம் நான் எதுக்கு?'ன்னாளாம்.

பாருங்க, சம்பந்தமே இல்லாம வண்டியப் பத்திப் பேசறா. சகலை சொல்லிட்டு என்னையவே பாத்துட்டு நின்னான். எனக்கு ஒண்ணும் புரியலை.

ஆனா ஒண்ணு சொல்றனுங்க, சிரிச்சாச் சிரிச்சுக்கங்க. அவ போனதுல இருந்து வண்டி ஓட்ட முடியலை. வெடியால ஏறி உக்காந்து சாவியத் திருகறேன், உடனே கெளம்பிருது. கெளம்பி? கிளட்ச மிதிச்ச காலு எந்திரிக்க மாட்டேங்குது. மட்காடுல ரெண்டு தட்டுக் கேக்கோணுமில்லீங்க? அது கேக்காம எப்படி உடறது? வண்டி டபடபன்னு நின்ன எடத்துலயே ஓடுது, நான் அப்படியே உக்காந்திருக்கறேன். ஒருநா நானே கைய நீட்டித் தட்டிப் பாத்தேன். அது வேற சத்தம். எறங்கிச் சாவியப் புடுங்கிட்டு வாசல்ல உக்காந்துட்டேன். ஊடே வெறிச்சுன்னு கெடக்குது. முக்குல கட்டவுட்டு எடுத்தப்ப வந்த காத்து இல்லீங்க இது. அவ இல்லாம என்னால முடியலை. இந்த வயசுல இதை வெளிய சொல்றதுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்குது, ஆனா முடியலை.

அப்படி உக்காந்திருக்கறப்பத்தானுங்க எனக்குப் பொறி தட்டுச்சு. அட மடையா, அவளுக்குக் கோவம் கட்டவுட்டு மேல இல்லடா! நாந்தான் எல்லார் முன்னாலயும் தேவையில்லைன்னு சொல்லிப்போட்டனே. சிரிப்புக்குத்தான் சொன்னேன். ஆனா அவ அதைப் புடிச்சுக்கிட்டா. அத்தனை வருசம் கை வெச்சவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? பாவமுங்க. அவ எடத்துல வேற ஒருத்தியக் கொண்டாந்து வெச்சாப்புல ஆயிருச்சு.

அதுக்குத்தான் இப்பப் போறேன். சொல்றனே, இந்தச் சாக்கு மூட்டையில என்னன்னு பாருங்க. ஆமாங்க, ஆல்டர்னேட்டரு! நேத்து நானே ஸ்பேனரப் போட்டுக் கழட்டிட்டேன். பழைய டைனமோவையே மாட்டியாச்சு. ப்ளஸ்ஸு மைனஸ்ஸெல்லாம் பழையபடி தலைகீழா மாத்தியாச்சு. இந்தக் கட்டவுட்டு ஒண்ணுதான் பாக்கி. அதை அவ கையாலயே எடுத்துக் குடுக்கச் சொல்லோணுமுன்னு கொண்டாந்திருக்கறேன். வண்டியக் கொண்டுபோயி மேட்டுல நிறுத்தி, வீலுக்குக் கல்லும் வெச்சுட்டுத்தான் பஸ் ஏறுனேன்.

போனதும் இந்த மூட்டைய அவ காலடியில எறக்கி வெச்சுருவேன். 'இந்தா பாரு பாவாயி, உன்ற எடத்துக்கு வந்ததக் கழட்டிட்டு வந்துட்டேன். இனி செத்தாலும் நீ தள்ளாம வண்டி அசையாது. வா, போலாம்'னு சொல்லப்போறேன். அழுதுருவாங்க. எனக்குத் தெரியும் அவளை, சந்தோசத்துல அழுதுருவா.

என்னுங்க இது? நாயம் யார் பக்கம்னு கேட்டா என்னையவே பாக்கறீங்களே. சகலையும் இப்படியேதான் பாத்தான்.

அட, ஸ்டாப்பு வந்துருச்சாட்டிருக்குது. ஏனுங்க, எறங்கறதுக்குச் சித்தே ஒத்தாசை பண்ணுங்க. நான் முன்னால எறங்கிக் கீழ நின்னுக்கறேன், நீங்க அந்தச் சாக்கைப் பின்னால இருந்து தள்ளுங்க. கனமாத்தான் இருக்கும். பெரிய வேலையெல்லாம் இல்லீங்க, சும்மா ஒரு கை வெச்சுக் குடுங்க.